மியூவான் தரை வரைக்கும் வருவது எப்படி? அதற்குக் காலம் உண்மையிலேயே மெதுவாகிறதா?

மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான ஒரு துகள்; விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கிறது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். அப்படியிருக்க, 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான் நம் தலைமேல் வந்து விழுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: “அதற்குக் காலம் மெதுவாக ஓடுகிறது என்கிறார்களே, அது நிஜமா, இல்லை கணக்கு ஒத்துவருவதற்காகச் சொல்வதா?”, “இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் ஒளியைத் தாண்டாதா? நிறை கூடிக்கொண்டே போவதுதான் தடையா?” எனக்குப் பட்டவரை இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான். வேகமாகப் போகும் துகளுக்கு உள்ளே ஏதாவது ஆகிறதா, இல்லை மாற்றம் வேறெங்காவது இருக்கிறதா என்பதே அது. ஐன்ஸ்டைனின் சார்பியலைப் படிக்கிற யாருக்கும் வரவேண்டிய சந்தேகம். அதைத் தொடாமல் சூத்திரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவதால்தான் பலருக்கு இந்தப் பாடம் ஒட்டாமலே போய்விடுகிறது.

நான் கோட்பாட்டு ஆராய்ச்சி செய்கிறவன் இல்லை. கல்லூரியில் இருபத்தைந்து வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். எம்எஸ்சி ஆய்வுக்கூடத்தில் மியூவானின் ஆயுளை அளக்கும் சோதனையை வருஷா வருஷம் மாணவர்களோடு உட்கார்ந்து செய்கிறேன். அதனால் மேசைமேல் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

சோதனை எளிமையானது. சிண்டிலேட்டர் என்ற ஒரு வகை பிளாஸ்டிக் கட்டி இருக்கும். மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று அதற்குள் பாய்ந்தால் மிக மங்கலாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, ஒரு பளிச்சிடல் வரும். கட்டியோடு ஒட்டியிருக்கும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய் அதை மின்துடிப்பாக மாற்றி, துடிப்புகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்புக்கு அனுப்பும். பெரும்பாலான மியூவான்கள் கட்டிக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். அவற்றுக்கு ஒரே ஒரு துடிப்பு. எப்போதாவது ஒன்று, ஏற்கெனவே களைத்து வந்தது, கட்டிக்குள்ளேயே நின்றுவிடும். நின்றபோது ஒரு துடிப்பு. அப்புறம் ஒன்றிரண்டு மைக்ரோ விநாடி கழித்து அது சிதைந்து எலக்ட்ரான் வெளிவரும்போது இன்னொரு துடிப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டே போகவேண்டும். ஒரு வாரம் ஓடவிட்டால் சில ஆயிரம் ஜோடிகள் சேரும். அவற்றை வரைபடமாகப் போட்டால் அழகாகச் சரிந்துகொண்டே போகும் ஒரு வளைகோடு வரும். அதிலிருந்து கணக்கிட்டால் எங்களுக்கு எப்போதும் 2.1 மைக்ரோ விநாடிக்குப் பக்கத்தில்தான் விடை கிடைக்கிறது. 2.2-க்குக் கொஞ்சம் குறைவதற்குக் காரணம் உண்டு: எதிர் மின்னூட்ட மியூவான்களில் சிலவற்றைப் பிளாஸ்டிக்கில் உள்ள கார்பன் அணுக்கரு விழுங்கிவிடுகிறது. ஒரு வருஷம் எண்ணிக்கை திடீரென்று மூன்று மடங்காகி எல்லோரும் திகைத்துப் போனோம். கட்டியைச் சுற்றியிருந்த கறுப்பு டேப் ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குப் பிரிந்து, அறையின் டியூப்லைட் வெளிச்சம் உள்ளே போயிருந்தது. பிறகு ஒவ்வொரு வருஷமும் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

இதில் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது, நாங்கள் அளப்பது நின்றுபோன மியூவானின் ஆயுளை. பிளாஸ்டிக்குக்குள் அசையாமல் கிடக்கும்போது அது 2.2 மைக்ரோ விநாடிதான் இருக்கிறது. ஆனால் அதே மியூவான், அந்தக் கட்டிக்கு வந்து சேருவதற்கு முன்னால், வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. இரண்டு உண்மையும் ஒரே மேசைமேல் கிடக்கின்றன. மாணவர்கள் இதை உணரும் கணத்தில் கேட்பதும் நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான்.

“ஆயுள்” என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். மருந்து அட்டையில் அச்சடித்த காலாவதித் தேதி போல 2.2 மைக்ரோ விநாடி ஆனதும் மியூவான் செத்துவிடாது. அது ஒரு சராசரி. ஒவ்வொரு 2.2 மைக்ரோ விநாடிக்கும் மிச்சமிருப்பவற்றில் 37 சதவீதம் தப்பிக்கும், மற்றவை சிதையும். வயதான மியூவான், இளம் மியூவான் என்ற பேதமே கிடையாது. பத்து மைக்ரோ விநாடி பிழைத்திருந்த ஒன்றுக்கும் இப்போதுதான் பிறந்த ஒன்றுக்கும் அடுத்த கணத்தில் சிதையும் வாய்ப்பு ஒன்றேதான். அப்படியானால் 660 மீட்டரைத் தாண்டிச் சில வருவதில் வியப்பில்லையே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 கிலோமீட்டர் என்பது கிட்டத்தட்ட 23 ஆயுள்காலம். 23 முறை 37 சதவீதமாகக் குறைத்துக்கொண்டே போனால், ஆயிரம் கோடி மியூவான்களில் ஒன்றிரண்டுதான் தரையைத் தொடும். ஆனால் கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் விழுகிறது. உள்ளங்கையை விரித்து வானத்தைப் பார்க்க நீட்டினால் விநாடிக்கு ஒன்றுக்குக் குறையாமல் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதிர்ஷ்டத்தில் தப்பியவை என்று சொல்லி இதை விளக்கவே முடியாது.

“மேலே எத்தனை பிறந்தன என்று யாருக்குத் தெரியும்? வழியெல்லாம்கூடப் பிறந்திருக்கலாமே” என்று சந்தேகப்பட இன்னும் இடமிருக்கிறது. அதையும் அடைத்த சோதனைகள் உண்டு. 1941-இல் புருனோ ரோஸியும் டேவிட் ஹாலும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், எக்கோ லேக் என்ற மலை ஏரிக்குப் பக்கத்திலும் அதைவிடத் தாழ்வான டென்வர் நகரத்திலும் எண்ணிப் பார்த்து, வேகம் அதிகமான மியூவான்கள் மெதுவானவற்றைவிட அதிகத் தூரம் பிழைக்கின்றன என்று காட்டினார்கள். அதைவிடத் துப்புரவாக 1963-இல் டேவிட் ஃபிரிஷும் ஜேம்ஸ் ஸ்மித்தும் செய்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மலையுச்சியில், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், சிண்டிலேட்டருக்கு மேலே இரண்டரை அடி கனத்துக்கு இரும்பை அடுக்கினார்கள். அந்த இரும்பைத் துளைத்து வந்து சரியாக சிண்டிலேட்டருக்குள் நிற்கிற மியூவான்களை மட்டும் எண்ணினால், வேகத்தைச் சல்லடை போட்டுச் சலித்த மாதிரி ஆகிவிடும். ஒளிவேகத்தில் 0.995 பங்கு வேகத்தோடு வந்தவை மட்டும் கணக்கில் சேரும். மணிக்குச் சுமார் 563 கிடைத்தன. அப்புறம் அதே கருவியைக் கடல்மட்டத்துக்கு, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் உள்ள காற்றும் மியூவானின் வேகத்தைக் குறைக்கும் அல்லவா, அதற்கு ஈடாக இரும்பில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு எண்ணினார்கள். அந்த உயரத்தை இறங்க 6.4 மைக்ரோ விநாடி ஆகும். நின்ற மியூவானின் ஆயுளை வைத்துப் பார்த்தால் மணிக்கு 30 மிஞ்சினால் அதிகம். கிடைத்ததோ 400-க்கு மேல். மியூவான்களைப் பொறுத்தவரை அந்த 6.4 மைக்ரோ விநாடி, ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகத்தான் கழிந்திருக்கிறது. சார்பியல் சூத்திரம் சொல்வதும், பிழை எல்லைக்குள், அதைத்தான்.

இந்தக் “காலம் எத்தனை மடங்கு” என்ற எண்ணுக்குப் பெயர் காமா. ஒளிவேகத்தில் பாதி வேகத்தில் போனால்கூட அது 1.15 தான். 0.995 பங்கு என்றால் 10. அன்றாட வேகங்களில் அது ஒன்றிலிருந்து விலகுவதே தெரியாது. அதனால்தான் நம் உள்ளுணர்வுக்கு இதில் பழக்கமே இல்லை. துகளின் மொத்த ஆற்றலை அதன் ஓய்வுநிலை ஆற்றலால் வகுத்தாலும் இதே காமா கிடைக்கும். மியூவானின் ஓய்வுநிலை ஆற்றல் 105.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது). கடல்மட்டத்துக்கு வருபவை சராசரியாக 4,000 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டோடு வருகின்றன. வகுத்துப் பார்த்தால் காமா 40-க்குப் பக்கம்.

சரி, இப்போது உங்கள் நடுக் கேள்வி. மியூவானுக்குக் காலம் மெதுவாக ஓடுகிறதா? மியூவானைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். அதன் கூடவே நீங்களும் அதே வேகத்தில் பறந்துகொண்டிருந்தால் அது அசையாமல் உங்கள் பக்கத்தில் இருக்கும், 2.2 மைக்ரோ விநாடியில் சிதையும், எங்கள் ஆய்வுக்கூடக் கட்டிக்குள் கிடப்பது போலவே. உங்களுக்கு விசித்திரமாகத் தெரிவது வளிமண்டலம்தான். 15 கிலோமீட்டர் காற்று உங்களுக்கு 375 மீட்டராகத் தட்டையாகி, ஒளிவேகத்துக்கு மிக நெருங்கிய வேகத்தில் உங்களை நோக்கி ஏறி வரும். 375 மீட்டர் கடந்துபோக 1.25 மைக்ரோ விநாடி போதும். அதற்குள் பாதிக்கும் மேற்பட்ட மியூவான்கள் பிழைத்திருக்கும். தரையில் நிற்கும் நான் சொல்வது வேறு கதை: தூரம் 15 கிலோமீட்டரேதான், ஆனால் மியூவானின் கடிகாரம் 40 மடங்கு மெதுவாக ஓடுகிறது. என் கதைப்படி எத்தனை சதவீதம் பிழைக்கும் என்று கணக்கிட்டாலும் அதே விடை வரும். (கொஞ்சம் எளிமைப்படுத்திச் சொல்கிறேன், வழியில் காற்றோடு உரசி மியூவான் சுமார் 2,000 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் இழக்கும், அதனால் காமா மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்கும்.) காலம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்பதில் நாங்கள் இருவரும் வேறுபடுவோம். தரைக்கு எத்தனை வந்தன என்பதில் வேறுபடவே முடியாது. எண்ணிக்கைதான் நிஜம், கால நீட்டிப்பும் நீளக் குறுக்கமும் அந்த நிஜத்தை இரண்டு இடங்களிலிருந்து சொல்லும் இரண்டு வர்ணனைகள்.

“அப்படியானால் வெறும் பார்வைக் கோளாறுதானே” என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அங்கேதான் 1970-களில் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் நடந்த சோதனை முக்கியமாகிறது. 14 மீட்டர் விட்டமுள்ள காந்த வளையம் ஒன்றில் மியூவான்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். அவற்றின் காமா 29.3. வளையத்தின் சுற்றளவு 44 மீட்டர்; 2.2 மைக்ரோ விநாடியில் சிதைவதானால் சராசரியாக 15 சுற்றோடு முடிந்திருக்கவேண்டும். அவை சராசரியாக 440 சுற்று ஓடின. அளந்த ஆயுள் 64.4 மைக்ரோ விநாடி. சூத்திரம் சொன்னதோடு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் பொருந்தியது. இங்கே மியூவான் எங்கோ போய் மறைந்துவிடவில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும், அங்கேயே நின்றுகொண்டிருக்கும் நம் கடிகாரத்தோடு அதை ஒப்பிடலாம். அதற்குக் குறைவான காலம்தான் கழிந்திருக்கிறது என்பதில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் மாற்றமில்லை. இன்னொன்றும் இதில் உறுதியானது. அந்த வளைவில் திரும்பும்போது மியூவான்கள் உணரும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல பத்தின் பதினெட்டாம் அடுக்கு மடங்கு. அவ்வளவு முடுக்கத்திலும் ஆயுள் கூடுதலாகவோ குறைவாகவோ மாறவில்லை. வேகம் மட்டுமே அதைத் தீர்மானித்தது. மியூவானுக்குள் பல்சக்கரமோ ஸ்பிரிங்கோ இல்லை, தேய்ந்து மெதுவாவதற்கு. அது வெறும் ஒரு புள்ளித் துகள். எனவே “கருவி பாதிக்கப்பட்டது” என்ற விளக்கத்துக்கும் இடமில்லை.

வகுப்பில் இதற்கு நான் சொல்லும் உவமை பேருந்து மீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு வண்டி திருச்சி, விழுப்புரம் வழியாக வருகிறது. இன்னொன்று தஞ்சாவூர், கும்பகோணம் என்று சுற்றிக்கொண்டு வருகிறது. சென்னையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இரண்டின் கிலோமீட்டர் கணக்கும் வேறாக இருக்கும். ஒரு மீட்டர் மெதுவாக ஓடியது என்று யாரும் புகார் செய்யமாட்டார்கள். போன பாதை வேறு, அதனால் கணக்கு வேறு. கடிகாரமும் அப்படித்தான், இடமும் காலமும் சேர்ந்த பரப்பில் தன் பாதையின் நீளத்தை எண்ணிக்கொண்டு வரும் மீட்டர் அது. ஒரு வித்தியாசம் மட்டும் நினைவிருக்கட்டும்: சாலையில் சுற்றிப் போனால் கணக்கு கூடும், இங்கே சுற்றிப் போனவனுக்குக் கணக்கு குறையும். வளையத்தில் சுற்றும் மியூவான் குறைவாக எண்ணுகிறது, நின்ற இடத்தில் நின்ற நாம் அதிகமாக எண்ணுகிறோம். அதாவது மாற்றம் துகளுக்கு உள்ளே இல்லை. போன பாதையில் இருக்கிறது. உங்கள் அடிப்படைச் சந்தேகத்துக்கு என்னிடம் இருக்கும் மிக நேரான பதில் இதுதான்.

அடுத்தது, ஒளியை ஏன் தாண்ட முடியாது என்பது. இதை நேரடியாகவே காட்டியவர் எம்ஐடியில் இருந்த வில்லியம் பெர்டோஸி. 1964-இல் வெளியான சோதனை. எலக்ட்ரான்களுக்குத் தெரிந்த அளவு ஆற்றல் கொடுத்து 8.4 மீட்டர் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆஸிலோஸ்கோப்பில் அளந்தார். ஒளி அதைக் கடக்க 28 நானோ விநாடி. அரை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தபோது, நியூட்டன் கணக்குப்படி எலக்ட்ரான் ஒளியைப்போல 1.4 மடங்கு வேகத்தில் போயிருக்கவேண்டும், போனது 0.87 மடங்கு. 15 மில்லியன் கொடுத்தபோது நியூட்டன் கணக்கு ஏழரை மடங்குக்கு மேல் போகிறது. உண்மையில் ஒளிவேகத்திலிருந்து பிரித்தறியவே முடியவில்லை, ஆனால் தாண்டவும் இல்லை. “கொடுத்த ஆற்றல் துகளுக்குப் போய்ச் சேரவில்லையோ” என்று கேட்பார்கள் என்று தெரிந்து, பாதையின் முடிவில் ஒரு அலுமினியத் தட்டை வைத்து, எலக்ட்ரான்கள் மோதி அது எவ்வளவு சூடாகிறது என்றும் அளந்தார். ஆற்றல் முழுவதும் வந்து சேர்ந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. கேள்வி கேட்பவரின் வாயை அடைக்காமல், அவர் கேட்கப்போவதை முன்கூட்டியே மதித்துச் செய்த சோதனை.

இன்றைய முடுக்கிகளில் இது நித்திய அனுபவம். செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்எச்சி வளையத்துக்குள் புரோட்டான் நுழையும்போது அதன் ஆற்றல் 450 பில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அப்போதே அது ஒளியைவிட விநாடிக்கு 650 மீட்டர்தான் பின்தங்கி இருக்கிறது. 2022 முதல் அதை 6,800 பில்லியன் வரை உயர்த்துகிறார்கள், 15 மடங்கு. இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன், விநாடிக்கு 650 மீட்டராக இருந்த பின்தங்கல் 3 மீட்டருக்குக் கீழே வருகிறது. அதே சுரங்கத்தில் முன்பு ஓடிய லெப் முடுக்கியில், எலக்ட்ரான்கள் இலேசானவை என்பதால், இன்னும் நெருங்கின: விநாடிக்கு 4 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, ஓர் எறும்பின் நடையைவிடக் குறைவு. அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், மூடாது. கொடுக்கும் ஆற்றல் வேகத்தைக் கூட்டாமல் உந்தமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. எதிரே வரும் துகளோடு மோதும்போது அது முழுவதும் வெளிப்படும்.

இதைத்தான் பழைய புத்தகங்கள் “வேகம் கூடினால் நிறை கூடும்” என்று எழுதின. நானும் அப்படித்தான் படித்தேன், சில வருஷம் அப்படியே நடத்தியும் இருக்கிறேன். இப்போது அதைத் தவிர்க்கிறேன். காரணம் சொல்கிறேன். நிறை என்பது தள்ளினால் எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவானால், வேகமாகப் போகும் துகளை ஓடும் திசையிலேயே தள்ளும்போது எதிர்ப்பு காமாவின் மும்மடிப் பெருக்கம் அளவுக்குக் கூடுகிறது. பக்கவாட்டில் தள்ளினால் ஒரு காமா அளவுக்குத்தான் கூடுகிறது. ஒரே பொருளுக்குத் திசைக்கு ஒரு நிறையா? ஐன்ஸ்டைனே 1948-இல் எழுதிய ஒரு கடிதத்தில், வேகத்தோடு மாறும் நிறை என்ற கருத்தைக் கொண்டுவராமல் ஓய்வுநிலை நிறையை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு சங்கடமும் உண்டு. “நிறை கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் புரோட்டான் கருந்துளை ஆகிவிடாதா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. ஆகாது, ஏனென்றால் புரோட்டானின் கூடவே போகிறவருக்கு அதில் ஒரு மாற்றமும் தெரியாது. தடை துகளுக்குள் வளரும் கனத்தில் இல்லை. வேகங்கள் கூடும் விதத்திலேயே இருக்கிறது. ஒளிவேகத்தில் 0.9 பங்கில் போகும் ஒன்றிலிருந்து, அதைப் பொறுத்து இன்னொரு 0.9 வேகத்தில் முன்னோக்கி எறிந்தால் 1.8 வராது, 0.9945 தான் வரும். எத்தனை முறை கூட்டினாலும் ஒன்றைத் தொடாத கூட்டல் அது.

“ஏன் அப்படிப்பட்ட கூட்டல்? ஏன் ஒரு எல்லை இருக்கவேண்டும்?” என்று இன்னும் ஒரு படி கீழே போய்க் கேட்டால், இயற்பியலில் அதற்குக் கீழே நின்று விளக்க வேறு அடித்தளம் இதுவரை யாரும் நிறுவிக் காட்டவில்லை. எல்லா நோக்கர்களுக்கும் ஒளிவேகம் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வருகிறது; நூறு வருஷத்துக்கு மேலாகச் சோதித்ததில் அது ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை. பொய்த்ததாகத் தோன்றிய தருணம் உண்டு. 2011-இல் செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு 730 கிலோமீட்டர் போன நியூட்ரினோக்கள் (பொருளை எளிதாக ஊடுருவிப் போகும் மிக இலேசான துகள்கள்), ஒளிக்கு முன்பே 60 நானோ விநாடி சீக்கிரம் வந்துவிட்டதாக ஓபெரா குழு அறிவித்தது. உலகமே பரபரத்தது. மறுவருஷம், சரியாகப் பொருந்தாத ஒரு ஒளியிழைக் கேபிள் இணைப்பு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அந்தக் குழுவினரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பிழையைத் தேடித் தேடிக் கிடைக்காமல், எங்களுக்கு உதவுங்கள் என்றுதான் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். எங்கள் மேசையில் பிரிந்த அந்தக் கறுப்பு டேப்புக்கும் அந்தக் கேபிளுக்கும் அடிப்படையில் வித்தியாசமில்லை. மேலும் அதற்கு முன்பே வலுவான எதிர்ச்சான்று இருந்தது. 1987-இல் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த விண்மீனின் நியூட்ரினோக்களும் ஒளியும் சில மணிநேர வித்தியாசத்தில் வந்து சேர்ந்தன. நியூட்ரினோ முந்தி வந்தது உண்மை. ஆனால் அது வேகத்தால் அல்ல, வெடிப்பின் ஒளி விண்மீனின் மேற்பரப்பு வரை வந்து வெளிப்படத் தாமதமானதால்.

உறுதியில்லாத பகுதி எது என்றால், மிக மிக உயர்ந்த ஆற்றல்கள். 1991 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபிளைஸ் ஐ என்ற கருவி பதிவுசெய்த ஒரு காஸ்மிக் துகளின் ஆற்றல் 50 ஜூலுக்குப் பக்கம். ஒரு சுழற்பந்து வீச்சாளர் கொஞ்சம் வேகமாக, மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் அது, ஒரே ஒரு அணுக்கருத் துகளுக்குள். அது புரோட்டானாக இருந்தால் அதன் காமா முப்பதாயிரம் கோடிக்கு மேல்; நம் பால்வெளியின் லட்சம் ஒளியாண்டு அகலத்தைக் கடக்க அதன் சொந்தக் கடிகாரப்படி பத்து விநாடி போதும். 2021-இல் அதே மாநிலத்தில் டெலஸ்கோப் அரே கருவி ஏறக்குறைய அதற்கு நிகரான இன்னொன்றைப் பிடித்தது. இவை புரோட்டானா, இரும்பு போன்ற கனமான அணுக்கருவா, எந்த விண்பொருள் இவற்றை இப்படி விரட்டிவிட்டது என்பதெல்லாம் இன்னும் தீராத கேள்விகள். அவ்வளவு ஆற்றலிலும் சார்பியல் சூத்திரங்கள் துல்லியமாக அப்படியே நிற்கின்றனவா என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள். விரிசல் எதுவும் இதுவரை தென்படவில்லை என்பதுதான் நிலவரம்.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால், மியூவான்களைப் பெரிய அளவில் எண்ணும் இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊட்டியில், 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் நடத்தும் கிரேப்ஸ்-3. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள், ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்த அடுக்கு குறுக்காக, கிட்டங்கியில் அடுக்கிய மாதிரி இருக்கும். மொத்தம் 3,712 குழாய்கள். மேலே கான்கிரீட் கட்டைகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 1,000 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த மியூவான்கள் உள்ளே வராதபடி. ஃபிரிஷும் ஸ்மித்தும் இரும்பை அடுக்கியது நினைவுக்கு வருகிறதா? அதே உத்திதான். ஒரு நாளைக்கு சுமார் 400 கோடி மியூவான்கள் பதிவாகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று அந்தப் பக்கம் ஒரு இடிமேகம் கடந்தபோது 18 நிமிடத்துக்கு எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. மியூவான்களில் நேர் மின்னூட்டம் கொண்டவை கொஞ்சம் அதிகம். மேகத்தின் மின்னழுத்தம் அவற்றின் ஆற்றலைத் தின்றுவிட, வாசல் ஆற்றலுக்கு மேல் இருந்த சில, கீழே போய்விட்டன. அந்தக் குறைவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று 2019-இல் வெளியிட்டார்கள். நூறு கோடி வோல்ட்டைத் தாண்டிய மேகத்தை அதற்கு முன் யாரும் அளந்ததில்லை.

கடைசியாக நீங்கள் ஒரு வரியில் கேட்டிருந்த “அப்படியானால் ஒளிக்குக் காலமே நின்றுவிடுமா” என்பதற்கு: அப்படி எழுதுகிறவர்கள் உண்டு, நான் எழுதமாட்டேன். ஒளியின் கூடவே போகும் நோக்கர் என்று ஒருவரை சார்பியலில் வரையறுக்கவே முடியாது. எல்லா நோக்கருக்கும் ஒளி அதே வேகத்தில்தான் போகிறது, யாருக்கும் அது நிற்பதில்லை. நிற்காத ஒன்றின் பக்கத்தில் கடிகாரம் வைப்பது எப்படி? காமா சூத்திரம் நிறையுள்ள துகளுக்கு.

உங்கள் கல்லூரியில் இரண்டு சிண்டிலேட்டர் தட்டுகள் கிடைத்தால், ஒன்றின் மேல் ஒன்றாக ஓரடி இடைவெளியில் வைத்து, இரண்டிலும் ஒரே சமயத்தில் துடிப்பு வருவதை மட்டும் எண்ணுங்கள். முதலில் நேராக, பிறகு முழு அமைப்பையும் 60 டிகிரி சாய்த்து. சாய்ந்த பாதையில் மியூவானுக்கு வளிமண்டலம் இரண்டு மடங்கு நீளம். உரசலில் இழப்பதும் அதிகம், வழியில் சிதைவதும் அதிகம். நேராக வைத்தபோது கிடைத்ததில் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரவேண்டும். வராவிட்டால் முதலில் டேப்பைப் பாருங்கள்.